கறுப்பர் அலமாரிக்கு வந்தவர்கள்

நூலகர் வேலையில் நாள் முழுக்கப் புத்தகம் படிக்கலாம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அவர் நூலகத்துக்குள் கால் வைத்ததே இல்லை என்று அர்த்தம். எங்கள் கிளை நூலகத்தில் என் வேலைகள் இவை: காலையில் நாளிதழின் நடுப்பக்கத்துக்குச் சண்டை போடுகிறவர்களை விலக்குவது, மின்விசிறிக்குக் கீழே தூங்குகிறவர்களைப் பைய எழுப்புவது, "போன மாசம் பாத்தேனே, பச்சை அட்டை" என்று கேட்கிறவருக்குப் பச்சை அட்டை போட்ட அத்தனை புத்தகத்தையும் எடுத்துக் காட்டுவது. வங்கியிலோ தபால் ஆபீசிலோ மருந்துக் கடையிலோ, ஏதோ ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பொதுமக்களோடு காலம் தள்ளுகிற சகோதர சகோதரிகளே, மேற்கொண்டு நான் சொல்லப்போவது உங்களுக்குத்தான் முழுசாகப் புரியும்.

எங்கள் நூலகம் திருநெல்வேலியில், ஆற்றுக்குத் தெற்கே, பத்தமடைப் பக்கம் போகிற பஸ்கள் நிற்கிற ஒரு முக்கில் இருக்கிறது. ஆட்கள் இரண்டே பேர்தான். நான் நூலகர், ஊருக்கு லைப்ரரியம்மா. உதவியாளர் முத்தையா அண்ணாச்சி. போன வருஷம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் ஓர் அலமாரியைக் கட்டிக்கொண்டு அழுதோம், சிரித்தோம். அந்தக் கதைதான் இது.

நாலு பெட்டி

ஜனவரி முதல் வாரம் ஓர் ஆட்டோ வாசலில் நின்றது. நாலு அட்டைப்பெட்டியோடு ஒரு பெரியவர் இறங்கினார். மணப்பாட்டுக்காரர். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்று, எங்கள் பக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்தவர். பெட்டிகளில் இருந்ததெல்லாம் கறுப்பின எழுத்தாளர்கள் எழுதிய புத்தகங்கள். ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் கப்பல் நின்ற இடங்களில் வாங்கியவை, அப்புறம் இங்கே வந்து தேடித்தேடி வாங்கிய தமிழ் மொழிபெயர்ப்புகள், பேரப்பிள்ளைகளுக்காக வாங்கிய படப்புத்தகங்கள். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டக் கூடாது என்பது ஒன்றுதான் அவருடைய நிபந்தனை. சரி என்றேன்.

முத்தையா அண்ணாச்சி ஒரு பெட்டியைத் திறந்து, மேலாகக் கிடந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார் அங்கன எல்லாம் போயி நல்லா ஊரச் சுத்திப் பாத்திருப்பீய" என்றார். பெரியவர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பதில் சொன்னார். "எங்க பாத்தேன்? கப்பல் நிக்கிற மூணு நாளும் இன்ஜினுக்குள்ளதான் கெடப்பேன். துறைமுகத்துல கிரேனும் மழையும் பாத்தேன். ஊரப் பாத்ததெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளதான்."

சாமி வரவில்லை

அலமாரிக்கு ஒரு பெயர்ப்பலகை வேண்டும். அண்ணாச்சியின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பதால் அவரிடம் விட்டேன். 'கறுப்பின எழுத்தாளர்கள் எழுதிய நூல்கள், ஆண்டு முழுவதும், எல்லா வயதினருக்கும்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அட்டை சின்னது, அண்ணாச்சியின் எழுத்து பெரியது. பாதியிலேயே இடம் போதாமல், 'கறுப்பர் நூல்கள். வருசம் பூரா. எல்லாருக்கும்' என்று சுருக்கி மாட்டிவிட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் சுடலைமுத்து ஐயா வந்தார். சீவலப்பேரியில் நெல் விவசாயம். உரம் வாங்க டவுனுக்கு வந்தால், பஸ் வருகிறவரைக்கும் எங்களிடம் உட்கார்ந்து பேப்பர் பார்ப்பவர். அன்றைக்கு அலமாரிக்கு முன்னால் போனதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். இருந்ததிலேயே தடிமனான நாவலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் நீட்டினார். கருப்பசாமியைப் பற்றிய புத்தகம் என்று நினைத்துவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தடிமனான புத்தகத்தைத் தானாகக் கேட்டு வருகிற வாசகரிடம் உண்மையைச் சொல்லித் திருப்பி அனுப்ப எந்த நூலகருக்கு மனசு வரும்? பதிவேட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பதினைந்து நாள் கழித்து அவர் படியேறி வந்தபோது, நான் தேதி முத்திரையைத் தேடுவதுபோல மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன். அவர் காத்திருந்தார். எவ்வளவு நேரம்தான் குனிந்திருக்க முடியும்? நிமிர்ந்தேன். முகத்தில் கோபம் இல்லை, தீராத ஒரு கணக்குதான் இருந்தது. "சாமி இப்ப வரும், அடுத்த பக்கத்துல வரும்னு கடைசி வரைக்கும் பாத்தேன் தாயி. சாமி வரல, வெள்ளக்காரந்தான் வந்தான். அடுத்தத எடுங்க, அதுலயாவது வாராரான்னு பாப்போம்."

ஒற்றுப்பிழை

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இல்லாமல் எந்த நூலகமும் நடக்காது. எங்களுக்கும் ஒருவர் வாய்த்திருக்கிறார். நெற்றி நிறைய விபூதி, சட்டைப் பையில் எப்போதும் கூர் சீவிய பென்சில். அலமாரியைப் பார்த்ததும் என் மேசைக்கு வந்து நின்றார். "ஆத்தங்கரை ரெண்டு பக்கமும் எத்தன பேரு எழுதியிருக்கான். அவனையெல்லாம் விட்டுட்டு எங்கேயோ இருக்கவனுக்கு ஒரு தனி அலமாரியா?" நம் ஊர்க்காரர்கள் அடுத்த அலமாரியில் இருக்கிறார்கள் என்று காட்டினேன். கடைசியாக அதிலிருந்து எதை எடுத்தீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நம் முத்தையா அண்ணாச்சிக்கு அந்த இடத்தில் சும்மா இருக்கத் தெரியாது. பதிவேட்டைப் புரட்டி, நூலகத்துக்கே கேட்கிற மாதிரி வாசித்தார்: 'மூட்டு வலிக்கு மூலிகை வைத்தியம்.'

கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. குறை கண்டுபிடிக்கவாவது எடுத்துப் போகிறேன் என்று ஒரு மொழிபெயர்ப்புக் கவிதைத் தொகுதியை உருவிக்கொண்டு போனார். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் எழுதிய கவிதைகள் அவை. திரும்பி வந்த புத்தகத்தைத் திறந்தால், பக்கத்துக்குப் பக்கம் பென்சில். க், ச், த், ப் என்று விட்டுப்போன ஒற்றெல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது என்பது விதி. ஆனால் ஓர் இடத்தில்கூட அவர் தப்பாகத் திருத்தவில்லை; நான் என்ன செய்ய? கடைசி இருபது பக்கத்தில் மட்டும் பென்சிலே படவில்லை. அங்கே பிழை இல்லையா என்று கேட்டேன். பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டே சொன்னார். "இருந்திருக்கும். கண்ணாடியக் கழத்தித் தொடைக்கதும் போடுததுமா இருந்தேன். பிழை திருத்துதவனுக்கு அது பெரிய எடைஞ்சல்."

தோல் கலர்

சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் நேரம். கப்பல்காரரின் படப்புத்தகம் ஒன்றை எடுத்தேன். ஒரு சிறுமியும் அவள் அத்தையும் ஓடாத பழைய லாரி ஒன்றைத் தள்ளிக்கொண்டே சந்தைக்குப் போகிற கதை. பக்கத்துக்கு ஓர் ஆள் சேர்ந்து தள்ளுவார்கள். பிள்ளைகளும் எழுந்து என் மேசையைத் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். மேசை ஆறங்குலம் நகர்ந்துவிட்டது; இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. கதை முடிந்ததும், அவரவர் வீட்டு ஆட்கள் லாரி தள்ளுகிற மாதிரி வரையுங்கள் என்று தாளும் கிரயானும் கொடுத்தேன்.

வழக்கமாக ஆள் வரையும்போது பிள்ளைகள் அந்த வெளிறிய ரோஸ் கிரயானுக்குத்தான் கை நீட்டும். பள்ளிக்கூடத்தில் அதற்குப் பெயரே தோல் கலர். அன்றைக்கு அதை யாரும் தொடவில்லை. இருந்த இரண்டு பழுப்புக் கிரயானுக்குப் பெரிய சண்டை. ஒன்று முறிந்து, முறிந்த துண்டுகளுக்கும் இரண்டு கோஷ்டி சேர்ந்துவிட்டது. விலக்கப் போன நான், ரெண்டாம் வகுப்பு மகாலெட்சுமியிடம் ரோஸ் கிரயானை நீட்டி, இது சும்மாதானே கிடக்கு, இதை வைத்து வரையேன் என்றேன். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். என் கைக்குப் பக்கத்திலும் வைத்துப் பார்த்தாள். பிறகு திருப்பித் தந்தாள். "இத நீங்களே வச்சுக்கோங்க லைப்ரரியம்மா. எங்க வீட்டுல இந்தக் கலர்ல பல்லிதான் இருக்கு."

மாதச் சிறப்பு

எங்களை ஆய்வு செய்ய ஓர் அதிகாரி வருவார். நல்ல மனிதர், ஆனால் கையில் சுற்றறிக்கை இல்லாமல் மூச்சு விடமாட்டார். பிப்ரவரியில் வந்தவர் அலமாரி முன்னால் நின்று, சிறப்புக் காட்சி எதையும் ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றார். "ஒரு மாசம் வச்சாச்சுல்ல. எடுத்துருங்க." பூட்டி வைக்கமாட்டேன் என்று கப்பல்காரருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். எடுத்தால் உள்ளறையில் வைத்துப் பூட்டத்தான் வேண்டும். வேறு இடம் கிடையாது. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. முத்தையா அண்ணாச்சி மட்டும் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் பலகையில் 'வருசம் பூரா' இல்லை. அந்த இடத்தில் 'பிப்ரவரி மாதச் சிறப்பு' என்று எழுதியிருந்தது. மார்ச் முதல் தேதி அதை வெள்ளையடித்து 'மார்ச் மாதச் சிறப்பு' என்று எழுதினார். அப்புறம் ஏப்ரல். மே.

ஜூலையில் அதிகாரி மறுபடி வந்தார். பலகையை வாசித்தார். புத்தகங்களைப் பார்த்தார். "இதே புத்தகம்தான பிப்ரவரியிலயும் இருந்துச்சு?" என்றார். "அது பிப்ரவரி மாசச் சிறப்பு சார். இது ஜூலை" என்றார் அண்ணாச்சி. அதிகாரி சுற்றறிக்கையை எடுத்து ஒரு தரம் வாசித்தார், மடக்கினார், மறுபடி விரித்து வாசித்தார். அதே புத்தகங்களை அடுத்த மாதமும் சிறப்பிக்கக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கும்போது என்னிடம் சொன்னார். "நீங்க செய்யிறது சட்டப்படி சரியாத்தான் இருக்கு. அதான் எனக்கு எரிச்சலா இருக்கு."

ஒளித்துப் படித்தவர்

இசக்கிப்பாண்டி களக்காட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவன். இருபத்தாறு வயது. ஒரு நாள் அவன் தடித்த வழிகாட்டிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தான். இந்திய அரசியலமைப்பின் அட்டவணைகளைப் பார்த்து யாரும் சிரித்து நான் கண்டதில்லை. பின்னால் போய் நின்றேன். வழிகாட்டிக்கு நடுவில் எங்கள் அலமாரிப் புத்தகம் ஒன்று இருந்தது. ஊர் ஊராக வேலை தேடி, போன இடமெல்லாம் விரட்டப்பட்ட ஒரு கறுப்பின இளைஞன் தன் தோல்விகளைத் தானே கேலி செய்து எழுதியது. மாட்டிக்கொண்ட இசக்கிப்பாண்டி எழுந்து நின்றான். கூடப் படிக்கிறவர்கள் பார்த்தால் போட்டியில் ஒருத்தன் குறைந்தான் என்று சந்தோஷப்படுவார்கள், அதனால்தான் ஒளித்து வைத்தேன் என்றான். உட்கார்ந்து படி, நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்றேன். "இதுல இருந்து ஒரு கேள்வியும் வராதுன்னு தெரிஞ்சே படிக்கேன்க்கா. அப்படி ஒண்ணு படிச்சு அஞ்சு வருசம் ஆச்சு."

கலர் கம்மி

சிவகாமி பக்கத்துத் தெருப் பெண். கணிதத்தில் முதுகலை முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறாள். நல்ல கறுப்பு. அவள் அம்மா எங்கள் நூலகத்துக்கு வருவது மகளிர் இதழ்களில் அழகுக் குறிப்பு பார்க்க. கடலை மாவு, தயிர், குங்குமப்பூ என்று ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு போவார். மகள் வருவது கறுப்பர் அலமாரிக்கு. ஒரு கறுப்பினப் பெண் எழுதிய நாவலை எடுத்துக்கொண்டு போய், கெடு முடிந்ததும் புதுப்பித்து, மறுபடி புதுப்பித்து வைத்திருந்தாள். ஆவணியில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். கேசரி சாப்பிட்டுக்கொண்டே மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. கலர்தான் கொஞ்சம் கம்மி" என்றாராம். சிவகாமி காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "கம்மி இல்ல அத்தை, கூடதான் இருக்கு. வேணும்னா வெளிச்சத்துல வந்து நிக்கேன், நல்லாப் பாருங்க" என்றாளாம். வந்தவர்கள் காப்பி குடிக்காமலே எழுந்து போய்விட்டார்கள். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

மறுநாள் காலை அந்த அம்மா நாவலைக் கையில் பிடித்துக்கொண்டு நூலகத்துக்குள் வந்தார். "எம் பிள்ளைக்கு என்னத்தப் படிக்கக் குடுத்தீய?" பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பேப்பரைத் தாழ்த்தினார்கள். யார் எதைப் படிக்கிறார்கள் என்பது நூலகரின் பொறுப்பல்ல என்று விதி இருக்கிறது. ஆனால் ஒரு கல்யாணம் நின்றுபோயிருக்கும்போது விதியைப் பற்றி என்ன பேசுவது? சிவகாமி எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்டேன். "அவளுக்கென்ன, பாட்டு முணுமுணுத்துக்கிட்டே பள்ளிக்கூடம் போயிட்டா" என்றார். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். மடியில் வைத்து நாவலைத் திறந்தார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். முதல் பக்கத்தைப் படித்தார், அடுத்ததையும் படித்தார். பேப்பர்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் செய்திக்குத் திரும்பினார்கள். ரொம்ப நேரம் கழித்து எழுந்து வந்து, தன் உறுப்பினர் அட்டையை என் முன்னால் வைத்தார். "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இதையேதான் சொன்னாவ. நான் தரையப் பாத்துக்கிட்டு நின்னேன். இந்தப் புஸ்தகத்த எம் பேருல எழுதுங்க, அவ பேர அடிச்சிருங்க."

வண்டி வந்த நாள்

டிசம்பரில் ஒரு கடிதம் வந்தது. இந்த நூல்களுக்கு வாசகர் தேவை இல்லாததால், அவை கிடங்குக்கு எடுத்துச் செல்லப்படும், புதன்கிழமை வண்டி வரும். கீழே நம் அதிகாரியின் கையெழுத்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கப்பல்காரரிடம் என்ன சொல்வது? வாசகர்களைப் பாதிக்கிற கடிதங்களை அறிவிப்புப் பலகையில் போட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. சாதாரணமாக அதை யாரும் கடைப்பிடிப்பதில்லை. நான் அன்றைக்குக் கடைப்பிடித்தேன். நாலு மூலையிலும் ஊசி குத்தி, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தியமாக.

திங்கட்கிழமை காலையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் கடிதத்தை வாசித்தார்கள். நேரே அலமாரிக்குப் போனார்கள். ஆளுக்கு எத்தனை எடுக்கலாமோ அத்தனையும் எடுத்தார்கள். சாயங்காலம் மின்விசிறிக்குக் கீழே தூங்குகிறவர்கள் இரண்டு பேர் எழுந்து வந்து, புதிதாக உறுப்பினராகி, இங்கிலீஷ் புத்தகங்களாக வாங்கிப் போனார்கள். எனக்கு முத்திரை குத்திக் கை வலித்தது. படப்புத்தகங்களைச் செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போனார்கள். புதன்கிழமை வண்டியோடு அதிகாரி வந்தபோது அலமாரியில் பலகை மட்டும் இருந்தது. பதிவேட்டை வாங்கி வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு பெயருக்கும் நேராகக் கையெழுத்து இருந்தது. இரவல் போன புத்தகத்தை வண்டியில் ஏற்ற முடியாது. "தேவை இல்லைன்னு எழுதினவன் நான். இப்ப நான் என்னன்னு எழுதட்டும்?" என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்கே அவர்மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. அண்ணாச்சி அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஒண்ணும் எழுதாதீய சார். டீ சொல்லியிருக்கேன், குடிச்சிட்டுப் போங்க. புஸ்தகம் வந்ததும் நாங்களே சொல்லி அனுப்புதோம்."

ஒரு புத்தகம்கூட இல்லாத அலமாரியைத் தினமும் காலையில் பெருமையாகத் துடைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற நூலகர் இந்த ஆற்றின் இரண்டு கரையிலும் நான் ஒருத்திதான் இருப்பேன்.